எட்டு முடிந்து டவுன் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு

டெல்டாவின் பல கிராமங்களில் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கப்புறம் மன்னார்குடியோ, நீடாமங்கலமோ, பாபநாசமோ, சீர்காழியோ, வேதாரண்யமோ, பக்கத்தில் எந்த ஊரில் உயர்நிலைப் பள்ளி இருக்கிறதோ அங்கே பஸ் ஏற வேண்டும். அப்படி வந்து சேரும் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் நான். ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் வேலையும் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். ஜூன் மாதத்தில் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்விகளைவிட, கேட்கத் தயங்கி விழுங்கிவிடுகிற கேள்விகள்தான் அதிகம். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதிலை வரிசையாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் எட்டு வரை ஃபெயில் கிடையாது. ஒன்பதில் ஒவ்வொரு பாடத்துக்கும் 35 வாங்க வேண்டும். பத்தில் பொதுத்தேர்வு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதால் ஒன்பதை யாரும் மதிப்பதில்லை. சில பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பத்தாவதில் தடுமாறுகிற பிள்ளையை உட்காரவைத்துப் பேசிப் பார்த்தால், ஒன்பதாவதில் ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஏதோ ஒன்று புரியாமல் போயிருக்கும், அதை யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நீ சொல்லவே வேண்டாம். முகத்தைப் பார்த்தே டீச்சர் கண்டுபிடிப்பார், இல்லாவிட்டால் சத்துணவு அக்கா கண்டுபிடிப்பார். இங்கே ஒரு வகுப்பில் அறுபது பேர். நீ வாயைத் திறந்தால்தான் உண்டு. இந்த வருடம் நீ கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய பாடமே அதுதான். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

முதல் படி: மே மாதத்திலேயே காகித வேலை

டி.சி. வாங்கும்போது அங்கேயே நின்று படித்துப் பார். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, மூன்றும் ஆதாரில் இருப்பதுபோலவும் பிறப்புச் சான்றிதழில் இருப்பதுபோலவும் இருக்கிறதா? டி.சி.யில் ‘சண்முகபிரியா’, ஆதாரில் ‘சண்முகப்ரியா’ என்று இருந்தால் இப்போதே சொல்லிவிடு. பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் உனக்கென்று இருக்கிற எமிஸ் எண்ணையும் தனியாக ஒரு நோட்டில் எழுதி வை. புதுப் பள்ளியில் உன் பெயரை ஏற்றுவதற்கு அது வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இல்லாவிட்டால் இ-சேவை மையத்தில் மே மாதமே விண்ணப்பித்துவிட வேண்டும். ஜூனில் அங்கே கூட்டம் அள்ளும். உன் பெயரில் வங்கிக் கணக்கு இருந்து அதில் ஆதார் இணைந்திருந்தால் பின்னால் உதவித்தொகை எதற்கும் அலைய வேண்டியதில்லை.

எந்தப் பள்ளி என்று வீட்டில் பேச்சு வரும்போது, இந்தப் பகுதியை அப்பா அம்மாவிடம் படித்துக் காட்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் கொடுத்தார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் 2024இலும் வந்தன. எட்டு வரை ஒன்றியப் பள்ளியில் படித்துவிட்டு, ‘இனிமேலாவது நல்லா படிக்கட்டும்’ என்று ஒன்பதில் தனியார் பள்ளிக்கு மாற்றும்போது, கட்டுகிற ஃபீஸோடு இந்த 7.5 சதவீதமும் கையைவிட்டுப் போகிறது. எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வில் தேறியிருந்தால் வருடம் 12,000 ரூபாய் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வரும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் தொடர்ந்தால்தான் அதுவும் வரும். மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இன்னொன்று: எட்டு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளையை ஒன்பதில் ஆங்கிலவழிக்கு மாற்றுவது. ‘முக்கோணவியல்’ என்றாலே என்னவென்று யோசிக்கிற வயதில் அதையே இன்னொரு மொழியில் முதல்முறையாகக் கேட்பது பிள்ளைக்கு இரட்டைச் சுமை. பிள்ளையே ஆசைப்பட்டுக் கேட்டால் சரி. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார் என்பதற்காக வேண்டாம்.

யூனிஃபார்ம் விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதுக்கு நீயே துணி எடுத்துத் தைக்க வேண்டும், நிறமும் வேறாக இருக்கும். பள்ளியில் கேட்டுக்கொண்டு துணி எடு. டெய்லரிடம் பேன்ட்டுக்கும் பாவாடைக்கும் கீழே மூன்று இன்ச் உள்மடிப்பு விட்டுத் தைக்கச் சொல். சட்டைக்குத் தோளில் கொஞ்சம் தாராளமாக விடச் சொல். பதினான்கு வயதில் ஜூனில் கணுக்காலைத் தொட்ட பேன்ட் பொங்கலுக்குள் மேலே ஏறிவிடும். அப்போது தையலைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். வளர்கிறாய் என்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, புதிதாகச் செலவழிக்கவும் வேண்டியதில்லை.

இரண்டாம் படி: பஸ்

பள்ளி திறக்குமுன் ஒருநாள், வேலை நாளில், அதே காலை பஸ்ஸில் போய் வந்துவிடு. ஸ்டாப்பில் நிற்கிறதா, கூட்டம் எப்படி, இறங்கிய இடத்திலிருந்து பள்ளிக்கு நடை எவ்வளவு, மாலையில் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் தெரிந்துவிடும். கடைசி பஸ் நேரத்தை மறக்காதே. ஸ்பெஷல் கிளாஸ் என்று ஆறு மணி வரை உட்காரவைக்கும்போது ‘சார், எங்க ஊருக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு’ என்று சொல்ல வேண்டியவன் நீதான். எங்களுக்கு எல்லா ஊர் பஸ்ஸும் தெரியாது. சொன்னால் விட்டுவிடுவோம். சொல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு இருட்டில் வாய்க்கால் கரையில் நடந்து போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

புது பஸ் பாஸ் வரும்வரை பழைய பாஸோ யூனிஃபார்மோ போதும் என்று வருடாவருடம் அறிவிப்பு வரும். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசே இல்லை. கண்டக்டர் முகம் சுளித்தால் மரியாதையாக, ‘அண்ணே, பாஸ் இன்னும் தரலை’ என்று சொல். அவ்வளவுதான். படியில் தொங்காதே. ‘எல்லாரும்தான் தொங்குறாங்க’ என்பாய். எல்லாரும் ஒழுங்காக வீடு போய்ச் சேர்வதில்லை.

பஸ்ஸை விட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடாதே. இரண்டாவது பீரியடுக்கு வந்தாலும் பரவாயில்லை, வா. திட்டு விழும், வாங்கிக்கொள். ஒருநாள் திரும்பிப் போகப் பழகியவனுக்கு அடுத்த நாள் தானாகவே வயிற்று வலி வரும்.

ஆற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி நம் ஊர் வாய்க்காலுக்கு வரும்போது பள்ளியும் அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். புது நண்பர்கள், புது ஊர், தெரியாத படித்துறை. உன் ஊர் ஆற்றின் ஆழம் உனக்குத் தெரியும், டவுன் ஆற்றின் ஆழம் தெரியாது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே பார்த்தால் தெரிவதே இல்லை. பள்ளி விட்டுக் கும்பலாகக் குளிக்கக் கிளம்பினால் நீ கரையிலேயே நில். பயந்தாங்கொள்ளி என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

மூன்றாம் படி: முதல் மாதம், வகுப்புக்குள்ளே

ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே படிக்கிறவர்கள் ஏற்கெனவே குழு குழுவாக இருப்பார்கள். உன்னை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன்னால் உன் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதில் கேலி கொஞ்சம் இருக்கும், கெடுதல் பெரும்பாலும் இருக்காது. முதல் வாரத்தில் பக்கத்தில் உட்காருகிறவன், முன்னால் உட்காருகிறவன், ஒரே பஸ்ஸில் வருகிறவன் என்று மூன்று பேரின் பெயர் தெரிந்தால் போதும். பெரிய கூட்டம் வேண்டாம். வராத நாளில் நோட்டு தருகிற ஒருவன் கிடைத்தால் அதுவே பெரிது.

‘எந்த ஊர்?’ என்பதற்கு அடுத்த கேள்வி ‘எந்தத் தெரு?’ என்று வரும். நம் பக்கத்தில் அது விலாசத்தைக் கேட்கிற கேள்வி அல்ல என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊர்ப் பெயரோடு பேச்சை மாற்றிவிடு. திரும்பத் திரும்பக் கேட்டாலோ, அதை வைத்துப் பட்டப்பெயர் வைத்தாலோ, தண்ணீர் பாட்டிலைத் தொடாதே என்று யாராவது சொன்னாலோ, அன்றைக்கே வகுப்பாசிரியரிடம் வா. வகுப்பாசிரியரே காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் ஹெச்.எம்.மிடம் போ. அதுவும் முடியாவிட்டால் 14417 என்று பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் இருக்கிறது. நீ கேட்கிற பக்கத்தில் இருப்பவனாக இருந்தால், கேட்காதே.

இனி, பாடத்தில் சந்தேகம் கேட்பது. இதற்கு ஒரு முறை இருக்கிறது. ‘சார், புரியலை’ என்று ஒரு பிள்ளை எழுந்து நின்றால், எங்கே ஆரம்பிப்பது என்று எங்களுக்கே தெரியாது. முதலிலிருந்து அதே பாடத்தை அதே மாதிரி இன்னொரு தரம் சொல்வோம், நீயும் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாய். அதற்குப் பதிலாகப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வா. ‘மிஸ், இந்த மூன்றாவது வரி வரைக்கும் வந்துட்டேன். இந்த மைனஸ் எப்படி ப்ளஸ் ஆச்சு?’ என்று கேள். ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். வகுப்பில் எழுந்து நிற்கக் கூச்சமாக இருந்தால் மணி அடித்ததும் வாசலில் பிடி. ஸ்டாஃப் ரூமுக்கு வருவதென்றால் மதிய உணவு இடைவேளையின் கடைசிப் பத்து நிமிடம் நல்ல நேரம். நாங்களும் சாப்பிட்டு முடித்திருப்போம், கோபமும் குறைவாக இருக்கும்.

முதல் ஒரு மாதத்தில் ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஒரு கேள்வியாவது கேட்டுவிடு. தெரிந்த விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை. உன் பெயர் எங்களுக்கு நினைவில் நிற்கும். அதற்கப்புறம் கேட்பது தானாகவே சுலபமாகிவிடும்.

நான்காம் படி: படிப்பு எங்கே வழுக்கும்?

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ‘கண மொழி’யில் ஆரம்பிக்கிறது. படம் போடுவது, வட்டத்துக்குள் எண்களை எழுதுவது என்று ஜூன் மாதம் ஜாலியாகப் போகும். ஒன்பதாவது சுலபம் என்று நினைத்துவிடுவாய். மெய்யெண்களில் கொஞ்சம் இடிக்கும், இயற்கணிதத்துக்கு வந்ததும் பாதி வகுப்பு அமைதியாகிவிடும். காரணம் ஒன்பதாம் வகுப்புப் பாடம் அல்ல. ஆறிலும் ஏழிலும் விட்ட பின்னமும் குறை எண்ணும்தான். சோதித்துப் பார்க்க வேண்டுமா? ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் பின்னத்தில் ஐந்து கணக்கு, குறை எண்ணில் ஐந்து கணக்கு, யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து போடு. இரண்டு மூன்று தப்பாகிவிட்டால் அங்கிருந்து ஆரம்பி. தம்பியின் புத்தகமாக இருந்தாலும் அவனிடமே கேட்டு வாங்கிக்கொள்.

அறிவியலில் முதல் பாடம் அளவீடு. வெர்னியர் அளவி, திருகு அளவி, மீச்சிற்றளவு, சுழிப்பிழை என்று பெயர்களைப் பார்த்தே பலர் மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். கருவியைக் கையில் வாங்காமல் இந்தப் பாடம் வரவே வராது. பள்ளி லேபில் இருக்கும். ‘சார், ஒருதரம் எடுத்துத் தாங்க’ என்று கேள். நான் என் வகுப்பில் பிள்ளைகளை வீட்டிலிருந்து நெல் கொண்டுவரச் சொல்வேன். ஒருத்தி ஏ.டி.டி. 43 கொண்டுவருவாள், இன்னொருவன் சி.ஆர். 1009. முதலாவது சன்னம், இரண்டாவது குட்டை, குண்டு. இது எல்லா வீட்டிலும் தெரியும். எவ்வளவு சன்னம்? வெர்னியரில் நீளம் பார்ப்போம், 0.01 செ.மீ. வரை சொல்லும். திருகு அளவியில் தடிமன் பார்ப்போம், 0.01 மி.மீ. வரை சொல்லும். ஒரே மணியை நான்கு பேர் அளந்தால் நான்கு அளவு வரும். திருகை எவன் எவ்வளவு இறுக்கினான் என்று சண்டை வரும், அந்தச் சண்டையில்தான் பாடம் மண்டையில் ஏறும். பின்னால் தேர்வில் சுழிப்பிழை என்றால் என்னவென்று கேட்டால் இவர்கள் யோசிப்பதே இல்லை.

ஆங்கிலத்துக்கு நான் சொல்கிற ஒரே வழி சத்தமாகப் படிப்பது. தினமும் ஒரு பத்தி, வீட்டில், வாய்விட்டு. தப்பாக உச்சரித்தாலும் மாடு ஒன்றும் சொல்லாது.

நம் பக்கத்துப் பள்ளிகளில் பேச எழுந்திருக்கும் எந்தச் சிறப்பு விருந்தினரும் ராமானுஜத்தை விடமாட்டார். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்தார், கணக்கில் உலகம் புகழ நின்றார் என்பார்கள். சரிதான். அதே ராமானுஜன் 1904இல் பள்ளியை முடித்து, உதவித்தொகையோடு கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர வேறெதையும் தொடாமல் விட்டதால் அந்த உதவித்தொகையை இழந்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். பிடித்த பாடத்தில் 90 வாங்கிவிட்டுச் சமூக அறிவியலில் 28 வாங்குகிற பிள்ளைக்கு இந்தப் பாதிக் கதைதான் உபயோகம்.

எவ்வளவு நேரம் படிப்பது? ஸ்கூல் விட்டு, பஸ் பிடித்து, வீடு வந்து, ஆடு மாடு பார்த்து, ஏழு மணி ஆகிவிடும். நான்கு மணி நேரம் படி என்று சொன்னால் அது பொய் டைம்டேபிள். இரவு ஒரு மணி நேரம், விடியலில் முக்கால் மணி. இரவில் அன்றைக்கு நடந்த பாடம் மட்டும், விடியலில் கணக்கு. வீட்டில் ஒரே செல்போன், அது அப்பா வந்தபிறகுதான் கைக்குக் கிடைக்கும் என்றால், அது கிடைக்குமுன் நோட்டு வேலையை முடித்துவிடு. கைக்கு வந்தபிறகு ஒரு ரீல்ஸ் பார்த்துவிட்டுப் படிக்கிறேன் என்றவன் யாரும் படித்ததாக எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: காலாண்டும் குறுவையும்

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வரும்போது குறுவை அறுவடையும் வந்து நிற்கும். மெஷின் வயலில் இறங்கும், நெல் ரோட்டில் காயும், கொள்முதல் நிலையத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். தூறல் போட்டால் தார்ப்பாயை மூடணும், வெயில் வந்தால் விரிக்கணும், இரவில் காவலுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீயாகத்தான் இருப்பாய். இதைக் குறையென்று சொல்ல எனக்கு வாய் வராது, அந்த நெல்தான் வீட்டை நடத்துகிறது. ஆனால் தேர்வு அட்டவணை வந்த அன்றே அதை வீட்டுச் சுவரில் ஒட்டிவிடு. ‘கணக்குப் பரீட்சைக்கு முந்தின ரெண்டு ராத்திரி மட்டும் என்னை விட்டுடுங்கப்பா, மத்த நாள் நான் பார்த்துக்கிறேன்’ என்று கேள். இத்தனை நாள், இன்ன தேதி என்று கேட்டால் பெரும்பாலான அப்பாக்கள் ஒப்புக்கொள்வார்கள். ‘எனக்குப் படிக்கணும்’ என்று பொதுவாகச் சொன்னால் அது அவர்கள் காதில் ஏறாது.

காலாண்டு மார்க் குறையும். எட்டில் எண்பது வாங்கியவள் ஐம்பதுக்கு வருவாள். முதல்முறை இது நடக்கும்போது பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமான வேலை. சிலர் ரேங்க் கார்டை மறைப்பார்கள், சிலர் அப்பா கையெழுத்தைத் தாங்களே போடுவார்கள். (எங்களுக்குத் தெரிந்துவிடும். அப்பாக்கள் இவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போடுவதில்லை.) நீ செய்ய வேண்டியது, திருத்திய விடைத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு போன மார்க்கை மூன்றாகப் பிரிப்பது. தெரியாமல் விட்டது எவ்வளவு, தெரிந்தும் நேரமில்லாமல் விட்டது எவ்வளவு, அவசரத்தில் தப்பாக எழுதியது எவ்வளவு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் வகை அவர்கள் பயந்த அளவுக்கு இருக்காது. நேரமில்லாமல் விட்டதற்கு, வீட்டில் கடிகாரம் வைத்து ஒரு வினாத்தாளை முழுசாக எழுதிப் பார்ப்பதைத் தவிர மருந்தில்லை.

அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அன்றைக்கு இரவு அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கேட்காதீர்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டால் வாருங்கள். வேலை கெட்டுப்போகும் என்பது தெரியும், வருடத்தில் ஒருதரமாவது வாருங்கள். ‘நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன தெரியும்’ என்று வாசலிலேயே நிற்க வேண்டாம். பிள்ளை வீட்டில் எத்தனை மணிக்குத் தூங்குகிறது, சாப்பிடுகிறதா, யாரோடு பேசுகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: சாப்பாடு, உடம்பு, மனசு

ஏழரை மணி பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகளில் பலர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். அரசின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு, முட்டையோடு. ஆனால் ஒன்பதாவது வந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கக் கூச்சம் வந்துவிடுகிறது. அந்தக் கூச்சத்துக்கு விலை மூன்றாவது பீரியடில் தலைசுற்றல். காலையில் பழைய சோறும் வெங்காயமும் சாப்பிட்டு வந்தாலே போதும். மதியம் வரிசையில் போய் நில். வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடு, வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே, மாத்திரையால் வருவதுதான்.

பெண் பிள்ளைகள் பாத்ரூம் போக வேண்டுமே என்று நாள் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. இது வேண்டாம், சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். கழிப்பறை சுத்தமில்லை என்றால் நான்கைந்து பேர் சேர்ந்து மிஸ்ஸிடம் போய்ச் சொல்லுங்கள். ஒருத்தி தனியாகச் சொல்வதைவிடப் பலன் இருக்கும். பள்ளியில் திடீரென்று தூரம் வந்துவிட்டால் எந்த மிஸ்ஸிடமும் போகலாம், பள்ளியில் நாப்கின் இருக்கும். வயசுக்கு வந்ததற்குச் சடங்கு செய்வது அவரவர் வீட்டு வழக்கம். அதற்காகப் பிள்ளையை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால், அந்த வாரங்களில் நடந்த பாடத்தை யார் திரும்ப நடத்துவார்கள்? ஒரு தோழியிடம் சொல்லி நோட்டை வீட்டுக்கு வரவழைத்துக்கொள்.

பையன்களுக்குக் குரல் உடையும். ‘உள்ளேன் ஐயா’ சொல்லும்போது பாதியில் கீச்சென்று போகும், வகுப்பே சிரிக்கும். சிரித்தவனுக்கும் அடுத்த மாதம் அதேதான். அதைவிடக் கவனிக்க வேண்டியது உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் அந்தப் புகையிலைப் பொட்டலம். ‘ஒருதடவை வெச்சுப் பாரு’ என்று கொடுப்பவன் பெரும்பாலும் பஸ்ஸில் அறிமுகமான பெரிய பையனாக இருப்பான். முதல்முறை வேண்டாம் என்பது கஷ்டம், பத்தாவது முறை விடுவது அதைவிடப் பெரிய கஷ்டம். ‘வீட்ல தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்கண்ணே’ என்று சொல்லித் தப்பித்துக்கொள். கௌரவம் பார்க்காதே.

ஒருவர் மேல் ஒருவருக்குப் பிடித்தம் வருவது இந்த வயதில் நடப்பதுதான், அதற்குப் பஞ்சாயத்து கூட்ட வேண்டியதில்லை. ஆனால் போட்டோ அனுப்பச் சொல்கிறவர், பாஸ்வேர்ட் கேட்கிறவர், ‘வீட்டில் சொல்லாதே’ என்கிறவர், இவர்கள் யாராக இருந்தாலும் விலகு. உறவுக்காரராக இருந்தாலும் ஆசிரியராக இருந்தாலும் அப்படித்தான். யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டால், அல்லது உனக்கு வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், நீ நம்புகிற ஒரு பெரியவரிடம் அன்றைக்கே சொல். அப்படி யாரும் இல்லாவிட்டால் 1098. எந்தப் போனிலிருந்தும் காசில்லாமல் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

ஏழாம் படி: பாடத்துக்கு வெளியே ஒன்று

என்.சி.சி., இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர், கபடி, கலைத் திருவிழா என்று ஏதாவது ஒன்றில் பெயர் கொடு. ஒன்று போதும். புதுப் பள்ளியில் உனக்கென்று ஒரு இடம் கிடைக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. ஒப்பாரியும் கும்மியும் தெரிந்த பாட்டி வீட்டிலிருக்கிறபோது நாட்டுப்புறப் பாட்டுக்கு யூட்யூபைத் தேடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் உள்ளது, தவறவிட்டால் திரும்ப வராது. ஒவ்வொரு வருவாய் மாவட்டத்திலும் 50 ஆண், 50 பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டு வரை வருடம் 1,000 ரூபாய் தருகிறார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் என்று சான்றிதழ் வேண்டும். பள்ளி ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ இருக்க வேண்டும். குடவாசல், வலங்கைமான், நீடாமங்கலம் பிள்ளைகள் எழுதலாம். மன்னார்குடி, திருவாரூர் நகராட்சிப் பகுதிப் பள்ளியில் சேர்ந்தவர்கள் எழுத முடியாது. தொகை சின்னதுதான். கொள்குறி வகைத் தேர்வு எழுதிப் பழக நல்ல வாய்ப்பு.

எட்டாம் படி: மழை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கத்தில் பள்ளிக்கூடம் பாதி, மழை பாதி. லீவா இல்லையா என்பதைக் கலெக்டர் அறிவிப்பில் பார், வாட்ஸ்அப்பில் வருகிற போன வருடத்து அறிவிப்பில் அல்ல. தேதியைப் பார்க்காமல் வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது உண்டு. பையை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் நனையும். யூரியா மூட்டைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பைக்குள் போட்டு, அதற்குள் புத்தகத்தை வை. வீட்டில் தண்ணீர் வருமென்றால் டி.சி. நகல், சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஒரே உறையில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிடு. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்தபோது கூரை போன வீடுகளில் புத்தகத்தோடு சான்றிதழும் போனது. புத்தகம் போனால் பள்ளியில் சொல், ஏற்பாடு செய்வார்கள். வெள்ளத்தில் போன சான்றிதழுக்கு அலைவது பெரிய அலைச்சல்.

அரையாண்டுத் தேர்வு டிசம்பரில், இதே மழைக்குள்தான் வரும். கரன்ட் இருக்காது. பகல் வெளிச்சத்தில் எழுத்து வேலை, இரவில் படித்ததை அம்மாவிடம் சொல்லிக் காட்டுவது என்று மாற்றிக்கொள். அம்மாவுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நீ எங்கே திக்குகிறாய் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசிப் படி: ஜனவரியிலிருந்து

பொங்கலுக்குப் பிறகு சம்பா அறுவடை, ஊர்த் திருவிழாக்கள், ஆண்டு விழா, விளையாட்டு விழா என்று நாள் ஓடிவிடும். ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. இந்த மாதங்களில் யாராவது பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திற என்றால், ஒன்பதாம் வகுப்பில் உனக்கு வராத பாடங்களை முதலில் முடி. இயற்கணிதம், முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல் மூன்றும் பத்தாவதிலும் தொடர்கின்றன. இங்கே சரியாக இருந்தால் அங்கே பாதி வேலை குறையும்.

பத்தாவதில் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் எடுப்பார்கள். அதில் இருப்பதுதான் மதிப்பெண் சான்றிதழில் வரும், பாஸ்போர்ட்டிலும் வேலையிலும் அதையே கேட்பார்கள். ஆகவே ஒன்பது முடிகிற ஏப்ரலிலேயே அலுவலகத்தில் போய், எமிஸில் உன் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி இருக்கிறது என்று காட்டச் சொல்லிப் பார். அப்பா பெயரின் முதலெழுத்து ‘ச’ என்றால் ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்று வீட்டில் கேட்டு, அண்ணன் அக்காவின் சான்றிதழில் என்ன போட்டிருக்கிறது என்றும் பார்த்து, ஒரே மாதிரி எழுதிக் கொடு. தப்பிருந்தால் பிறப்புச் சான்றிதழ் நகலை வைத்து விண்ணப்பம் எழுது. அந்த விண்ணப்பத்தை அப்பாவை எழுதச் சொல்லாதே, நீயே எழுது, கீழே அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கு. அலுவலகத்தில் ‘நாளைக்கு வா’ என்றால் நாளைக்குப் போய் நில்.